ரொட்டி போட்ட முடிச்சு

வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ‘ஐயோ’ என்று குழாயடிக்கு ஓடுவதற்குள் உங்கள் உடம்பு ரிப்பேர் வேலையை ஆரம்பித்துவிடும். தட்டணுக்கள் ஓடி வந்து ஓட்டையை அடைக்கும். பின்னாலேயே ஃபைப்ரின் என்ற நூல் வலை பின்னிக்கொள்ளும். சில நிமிஷங்களில் ரத்தம் உறைந்து நின்றுபோகும். இது நடக்காவிட்டால் ஒரு சவரக் காயத்திலேயே மனித குலம் தீர்ந்துபோயிருக்கும்!

இதே வேலையை ரத்தம், காயம் எதுவும் இல்லாத இடத்தில் செய்தால்? கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் சிரைக்குள் சும்மா இருக்கும்போதே உறைந்தால்? கால் வீங்கும், வலிக்கும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பி, இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால், மூச்சு முட்டி ஆளே போய்விடலாம். கட்டி ஒன்று, அது செய்யும் கொலை இன்னோரிடத்தில்! இந்தச் சூழ்ச்சியைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய டாக்டர். 1856-ல் வெளியான அவருடைய கட்டுரைகளை வைத்துத்தான் இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் மூன்று காரணங்களை மனப்பாடம் செய்கிறார்கள். ரத்தம் தேங்குவது, ரத்தக் குழாயின் உட்சுவர் பழுதாவது, ரத்தமே தன் குணம் மாறிப்போவது.

முதல் இரண்டும் புரிகிறது. நாள்கணக்கில் படுக்கை, நீண்ட விமானப் பயணம், ஆபரேஷன்... சரி. மூன்றாவது? ரத்தத்தின் குணம் எதனால் மாறும்? அதற்கான காரணங்களில் ஒன்று சிலருடைய சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது, அதன் பெயர் கோதுமை என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? மருத்துவ உலகமும் லேசில் நம்பவில்லை. அதற்கு முன்னால், கோதுமை வயிற்றைக் கெடுக்கும் என்று நம்பவே அவர்களுக்கு ஆயிரத்து எண்ணூறு வருஷம் ஆயிற்று!

கதை இன்றைய துருக்கியில் தொடங்குகிறது. அங்கே கப்படோசியா என்ற பகுதியைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்ற கிரேக்க வைத்தியர், கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் எப்போதோ வாழ்ந்தவர், ஒரு விசித்திரமான வயிற்று நோயைப் பற்றி எழுதி வைத்தார். சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது, ஆள் இளைத்து வெளிறிப் போகிறான், பலமே இல்லை. கிரேக்க மொழியில் ‘கொய்லியா’ என்றால் வயிறு. அதை வைத்து அவர் இட்ட பெயர்தான் இன்று ‘சீலியாக்’ ஆகியிருக்கிறது.

அப்புறம் நீண்ட தூக்கம். 1887-ல் லண்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில், சாமுவேல் ஜீ (ஆமாம், அவ்வளவுதான் பெயர்!) என்ற டாக்டர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு முக்கியமாக வரும் நோய், வயிறு உப்பும், கைகால் குச்சியாகும், குணப்படுத்த முடியுமென்றால் அது சாப்பாட்டை மாற்றினால்தான் முடியும் என்று அடித்துச் சொன்னார். ஒரு குழந்தைக்குத் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் ஹாலந்து கடல் சிப்பி கொடுத்துப் பார்த்தார்கள். பிரமாதமாகத் தேறியது. சிப்பி சீஸன் முடிந்தது, நோய் திரும்பியது. அடுத்த சீஸனில் சிப்பியைக் காட்டினால் குழந்தை வாயைத் திறக்கவே மறுத்துவிட்டது! (தினமும் ஒரே பதார்த்தம் என்றால் யாருக்குத்தான் வெறுக்காது?) மாவுப் பொருளைக் குறையுங்கள் என்று சொன்ன அதே ஜீ, மெல்லிசாக நறுக்கி, இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டி கொடுக்கலாம் என்றும் அனுமதித்தார். திருடனைப் பிடிக்க வீட்டுக் கதவு வரை வந்துவிட்டு, அவனிடமே வழி கேட்ட கதை.

1924-ல் நியூயார்க் டாக்டர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டார். ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் நிறுத்தி, வாழைப்பழமாகக் கொடுத்தார். குழந்தைகள் பிழைத்தன. பழத்தில் ஏதோ மாய சக்தி என்று உலகமே நம்பியது. பழம் ஒன்றும் செய்யவில்லை, பழம் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து ரொட்டி எழுந்து போனதுதான் வைத்தியம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய ஒரே ஆள் ஹாலந்தில் இருந்தார். வில்லெம் டிக்கெ. 1936-ல், தன் முப்பத்தோராவது வயதில், ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டர் ஆனவர். ஏறக்குறைய அந்தச் சமயத்தில் ஓர் இளம் தாய் சொன்ன தகவல் அவர் காதுக்கு வந்தது. ‘ரொட்டியை நிறுத்தினால் என் குழந்தைக்குத் தேவலையாகிவிடுகிறது.’ நம் ஊரிலும் தாய்மார்கள் இந்த மாதிரி எத்தனையோ சொல்கிறார்கள், ‘சரி சரி, மாத்திரையை ஒழுங்காகக் கொடும்மா’ என்று அனுப்பிவிடுகிறார்கள். டிக்கெ அப்படி அனுப்பவில்லை. குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், எடையைக் குறித்துக்கொண்டே வந்தார். 1941-ல் டச்சு மொழியில் ஒரு கட்டுரையும் எழுதினார். ஹாலந்து அப்போது ஹிட்லர் கையில். அந்தக் கட்டுரையை வெளியுலகில் யார் படிக்கப் போகிறார்கள்?

பிறகு வந்தது அந்தக் குளிர்காலம்.

1944 செப்டம்பர். நேச நாட்டுப் படைகள் ஹாலந்துக்குள் பாராசூட்டில் இறங்கின. லண்டனில் இருந்த டச்சு அரசாங்கம், ஜெர்மானியர்களுக்கு ரயில் ஓட்டாதீர்கள் என்று ரயில்வே ஊழியர்களைக் கேட்டுக்கொள்ள, வேலைநிறுத்தம் தொடங்கியது. பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்கு ஹாலந்துக்கு உணவு போவதையே நிறுத்தினார்கள். பிறகு படகில் கொண்டுபோகலாம் என்று தளர்த்தியபோது கால்வாய்கள் பனியில் உறைந்துவிட்டன. 1945 பிப்ரவரி வாக்கில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் 600 கலோரிக்கும் கீழே. நாம் ஒரு வேளைக்குச் சாப்பிடுகிற சாப்பாடு! ஜனங்கள் சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும் பீட் கிழங்கைத் தின்றார்கள். அதுவும் தீர்ந்ததும் ட்யூலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்துப்போனார்கள். ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் நீங்கள் பார்த்து மயங்கிய ஆட்ரி ஹெப்பர்ன், அப்போது ஹாலந்தில் பட்டினி கிடந்த பதினைந்து வயதுப் பெண்.

ஊரே வாடிக்கொண்டிருந்தபோது, டிக்கெயின் சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகவில்லை! ரொட்டி கிடைக்கவில்லை, நோய் அடங்கியது. 1945 ஏப்ரல் கடைசியில் விமானங்கள் வானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டன. போர் முடிந்தது. ரொட்டி திரும்பி வந்தது. தெருவெங்கும் திருவிழா. அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் வயிறு மறுபடி உப்பியது.

இந்தப் பஞ்சத்தில்தான் டிக்கெக்கு ஞானோதயம் வந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அவர் அதற்குப் பல வருஷம் முன்பே கோதுமையைச் சந்தேகித்துவிட்டார். பஞ்சம் அவருக்குச் சாட்சி சொன்னது, அவ்வளவுதான். எந்த டாக்டரும் மனசறிந்து செய்யத் துணியாத பரிசோதனையை யுத்தம் செய்துகாட்டியது.

1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. வான் டி காமர், வெயர்ஸ் என்ற இரண்டு பேருடன் சேர்ந்து குற்றவாளியை இன்னும் நெருங்கினார். குழந்தைகளின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகிறது என்று அளந்து பார்த்தார்கள். (நாற்றத்துக்கு அஞ்சினால் விஞ்ஞானம் வளராது.) மாவில் ஸ்டார்ச் குற்றமற்றது. க்ளூட்டன் என்ற புரதம்தான் வில்லன்!

க்ளூட்டனை உங்களுக்குத் தெரியும். பரோட்டா மாஸ்டர் மைதா மாவை வீசி வீசி அடிக்கும்போது அது கிழியாமல் மஸ்லின் துணி மாதிரி விரிகிறதே, அந்த ஜவ்வுத்தன்மை க்ளூட்டன் கொடுத்தது. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இந்த வகைப் புரதங்கள் உண்டு. அரிசியில் இல்லை, கம்பு, கேழ்வரகு, சோளத்திலும் இல்லை.

நம் சிறுகுடலின் உட்சுவர் டர்க்கி டவல் மாதிரி. லட்சக்கணக்கான குட்டிக் குட்டி இழைகள். சத்தை உறிஞ்சுவது அவைதான். சீலியாக் உள்ளவர்களின் உடம்பில் க்ளூட்டன் நுழைந்ததும், எதிர்ப்புப் படை தவறாகப் புரிந்துகொண்டு சொந்தக் குடலையே தாக்கும். டவல் நாளடைவில் வழவழவென்று வழுக்கையாகிவிடும். அப்புறம் நெய்யும் கறியும் தின்றாலும் சத்து உள்ளே போகாது.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். முதலில் டாக்டர்கள் கவனித்தது கட்டி அல்ல, அதற்கு நேர் எதிர். ரத்தக் கசிவு! காரணம், வைட்டமின் கே. 1929-ல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பே இல்லாத தீனி போட்டு வளர்த்த கோழிக்குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிவதைக் கண்டார். கொழுப்போடு சேர்ந்து வரும் ஏதோ ஒன்று குறைகிறது என்று யூகித்து, ‘கோயாகுலேஷன்’ என்ற சொல்லை ஜெர்மன், டானிஷ் மொழிகளில் கே-யில் ஆரம்பிப்பார்கள் என்பதால் அதற்கு வைட்டமின் கே என்று 1935-ல் பெயர் வைத்தார். பின்னால் நோபல் பரிசும் கிடைத்தது. சீலியாக்கில் கொழுப்பு உள்ளே போகாது, கூடவே வைட்டமின் கே-யும் போகாது. ரத்தம் உறையத் திண்டாடும். இதுவரை கணக்கு சரி.

அப்படியென்றால் இந்த நோயாளிகளுக்குக் கட்டியே வரக்கூடாது, இல்லையா? அங்கேதான் முடிச்சு. வைட்டமின் கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களுக்கு மட்டும் எஜமான் அல்ல. உறைந்தது போதும், நிறுத்து என்று பிரேக் போடும் இரண்டு புரதங்களுக்கும் அதுதான் எஜமான். ஒன்றின் பெயர் புரதம் சி, 1976-ல் ஸ்வீடனில் பிரித்தெடுத்தது. இன்னொன்று புரதம் எஸ். கண்டுபிடித்த ஊர் அமெரிக்காவின் சியாட்டில் என்பதால் எஸ்! வைட்டமின் கே குறைந்தால் ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டுமே பழுதாகும். எது முதலில் பழுதாகிறதோ அதைப் பொறுத்தது விபத்து.

இன்னொரு சந்தேகப் பேர்வழி இருக்கிறது. அதைப் பிடிக்க நாம் குன்னூர் வரை போகவேண்டும்.

1928-ல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் வெளிறி, செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியவில்லை. கிருமியா என்று தேடினார், கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று விசாரித்தார். 1929-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில், ராபர்ட் மெக்கரிசன் என்ற உணவு ஆராய்ச்சியாளரின் கூடத்தில் சில மாதம் எலிகளோடு மல்லுக்கட்டினார். எலிகளுக்குப் பேன் தொல்லை, பேன் மூலம் தொற்றிய கிருமி கணக்கையெல்லாம் குழப்பியது. குரங்குகளுக்கு மாறினார். சாகக் கிடந்த ஒரு குரங்குக்கு ‘மார்மைட்’ கொடுத்துப் பார்த்தார். பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து தயாராகி, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்கிற கருப்பு விழுது அது. குரங்கு எழுந்து உட்கார்ந்தது! கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். அவர்களும் பிழைத்தார்கள். 1931-ல் உலகத்துக்கு அறிவித்தார். அதே வருஷம் சென்னையிலும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். அந்த விழுதில் ஒளிந்திருந்த பொருளை 1941-ல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்து ‘ஃபோலிக் ஆசிட்’ என்று பெயரிட்டார்கள். இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான்.

(ஒரு வேடிக்கை. மார்மைட்டில் பார்லி, கோதுமையின் மிச்சம் உண்டு. லூஸி வில்ஸ் உயிர்காத்த அந்த பாட்டிலை, ஃபோலிக் ஆசிட் குறைந்த சீலியாக் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது!)

ஃபோலிக் ஆசிட் உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் மேல் பகுதி. க்ளூட்டன் அதிகமாக வழுக்கையாக்குவதும் அதே இடத்தைத்தான். ஃபோலிக் ஆசிட் குறைந்தால் ரத்தசோகை மட்டுமா? ஹோமோசிஸ்டீன் என்ற கழிவு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். இதன் விஷமத்தை முதலில் உரக்கச் சொன்னவர் கில்மர் மெக்கல்லி என்ற ஹார்வர்ட் டாக்டர். பிறவியிலேயே ஹோமோசிஸ்டீன் எக்கச்சக்கமாக இருந்து இறந்துபோன குழந்தைகளின் ரத்தக் குழாய்கள், கிழவர்களின் குழாய்கள் மாதிரி தடித்திருப்பதைக் கண்டு 1969-ல் எழுதினார். எல்லோரும் கொலஸ்ட்ரால் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம். கேட்பாரில்லை. 1970-களின் இறுதியில் ஹார்வர்ட் வேலையும் போயிற்று. பல வருஷம் கழித்து, ஹோமோசிஸ்டீன் அதிகமுள்ளவர்களுக்கு ரத்தக் கட்டியும் அதிகம் வருகிறது என்று ஆய்வு மேல் ஆய்வு வந்தது.

அப்பாடா, கேஸ் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் கட்டி குறையும் என்று நம்பி 2000-களில் நடத்திய பெரிய பரிசோதனைகள் ஏமாற்றின. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, கட்டி வருவது குறையவில்லை. ஆகவே அது கொலைகாரனா, கொலை நடந்த இடத்தில் கை கட்டி நின்றவனா என்ற வாதம் நடக்கிறது. என் கட்சி, கூட்டுச் சதி. சீலியாக்கில் மண்ணீரல் சுருங்கி, தட்டணுக்கள் எண்ணிக்கை ஏறுவதுண்டு. குடலில் ஓயாத அழற்சி, அதுவும் ரத்தத்தை உறையத் தூண்டும். எல்லாம் சேர்ந்துதான் விர்ச்சோ சொன்ன அந்த மூன்றாவது காரணம்.

சதி இருப்பதற்கு அத்தாட்சி? 1990-களில் ஒரு மருத்துவ இதழில், வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிலருக்குச் சீலியாக்கும், கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகளில் அடைப்பும் சேர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. ‘பட்-கியாரி’ என்று அந்த அடைப்புக்குப் பெயர், அபூர்வமானது, ஆபத்தானது. அபூர்வமான இரண்டு நோய் ஒரே ஆளிடம் வந்தால் தற்செயல் எனலாம். திரும்பத் திரும்ப வந்தால்? துனிசியா, அல்ஜீரியா, நம் இந்தியா என்று கேஸ்கள் சேர்ந்தன. அவர்களில் சிலருக்கு வயிற்றுப்போக்கே கிடையாது! கட்டி வந்து, ஏன் வந்தது என்று தேடியபோதுதான் சீலியாக் அகப்பட்டது.

2007-ல் ஸ்வீடன் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டியது. அங்கே 1964-லிருந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றி வந்தார்கள். யோனாஸ் லுட்விக்சன் குழுவினர் சுமார் 14,000 சீலியாக் நோயாளிகளை எடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். சிரைக்குள் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பயந்துவிட வேண்டாம். மேலைநாடுகளில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற சமாசாரம் இது, அதற்குத்தான் இரண்டு மடங்கு. ஆனால், முப்பது வயதில் காரணமே இல்லாமல் கட்டி வந்த ஒருவருக்கு, அந்தக் காரணம் தெரிவதும் தெரியாததும் சின்ன விஷயமில்லை. ரத்தத்தை இளக்க மாத்திரை கொடுத்துவிட்டு, தினமும் கோதுமையும் கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி?

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி, நமக்கென்ன’ என்று தோன்றலாம். 2016-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வைக் கேளுங்கள். ஹரியானா, அஸ்ஸாம், நம்ம வேலூர் மூன்று இடங்களிலும் 23,000-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூறில் 1.23 பேரின் ரத்தத்தில் சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள். வடகிழக்கில் 0.87. வேலூர்ப் பக்கம் 0.10, அதாவது ஆயிரத்தில் ஒருவர். நம் ஆட்களின் மரபணு வேறோ? இல்லை! இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில்தான். வடக்கே தினசரி சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம்.

அந்த 25 கிராம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நான் புள்ளிவிவரம் காட்ட வேண்டியதில்லை. சர்க்கரை வியாதி என்றதும் ராத்திரி சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறிய எத்தனை பேர் உங்கள் தெருவில்? ரவா உப்புமா, சேமியா, பன், பிஸ்கட், பரோட்டா எல்லாம் கோதுமைக் குடும்பம். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா கலப்பதுண்டு! கோதுமை ஏறினால் நோயும் ஏறும் என்று கணக்கு அவ்வளவு நேர்கோட்டில் போகாது. ஆனால், ஆயிரத்தில் ஒருவர் என்பதால் நம் டாக்டர்களுக்கு இது சட்டென்று ஞாபகத்துக்கு வராது என்பதுதான் சங்கடம். சிறுவயதில், காரணம் புரியாமல், அதுவும் கல்லீரல் பக்கம் ரத்தக் கட்டி; மாத்திரை போட்டும் அசையாத ரத்தசோகை; இப்படி யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், ‘சீலியாக் டெஸ்ட் பார்க்கலாமா டாக்டர்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அந்த டெஸ்ட்டுக்கு வழி திறந்தது 1997-ல், பெர்லினில். உடம்பின் கோபம் முக்கியமாக எந்த என்ஸைமின் மேல் என்று அங்கேதான் கண்டுபிடித்தார்கள். புரதத்தோடு புரதத்தைத் தைக்கிற தையல்கார என்ஸைம் அது. ஆரம்பத்தில் சொன்ன ஃபைப்ரின் வலையை முடிச்சுப்போட்டு இறுக்குகிற ரத்த என்ஸைம், சாட்சாத் அதன் ஒன்றுவிட்ட சகோதரன்!

இதைப் படித்துவிட்டு, நாளைக்கே கோதுமையை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் கழித்து லேபுக்குப் போகாதீர்கள். கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் உள்ள அந்த எதிர்ப்பொருளும் மெல்ல மெல்ல மறைந்துவிடும். நோய் இருந்தாலும் இல்லை என்றே ரிசல்ட் வரும். முதலில் ரத்தம் கொடுங்கள். ரிசல்ட் வந்து, டாக்டர் முடிவு சொல்கிறவரை வழக்கம்போல் சப்பாத்தி சாப்பிடுங்கள்.